இரண்டு துளைப் பொத்தான்

அத்தியாயம் 8

"மாமா, அந்த வெள்ளைக் கோட்டு பட்டனுக்கு எத்தனை ஓட்டை?"

காலை ஒன்பது மணி. என் மச்சினன் அலுவலக மேசைக்கு எதிரே சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, வெறும் பனியனோடு உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

"பட்டன்னா ஓட்டை இருக்கும். அதை எண்ணிட்டு உட்கார எனக்கு வேற வேலை இல்லையா?"

"எண்ணலைன்னு தெரியுது. அதான் கேட்டேன்."

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. முப்பத்திரண்டு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. என் துப்பறியும் அலுவலகத்தில் டிரைவர், டைப்பிஸ்ட், உதவியாளர் எல்லாம் அவன்தான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அக்காவிடம் காட்ட முடியாத வாயை என்னிடம் காட்டுவான்.

"நாலு மணிக்குக் கமிட்டி. உங்களைப் பாராட்டும்போது பக்கத்துல நிக்கிற என் சட்டை பல்லைக் காட்டக் கூடாதேன்னு தைக்க உட்கார்ந்தேன். என் பட்டனைப் பார்த்தேன், கோப்புல இருக்கிற பட்டனையும் பார்த்தேன். வந்து பாருங்க."

பார்த்தேன். கோப்பில் மருந்தாளர் அம்மாவுடைய வெள்ளைக் கோட்டின் புகைப்படம். மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை. மிச்சமிருந்த பொத்தான்கள் ஒவ்வொன்றிலும் நாலு துளை. பக்கத்தில், சின்ன பிளாஸ்டிக் உறைக்குள், என் வழக்கையே முடித்துவைத்த அந்த வெள்ளைப் பொத்தான். அதில் இரண்டே துளை.

கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் அதைக் குடிக்கவே இல்லை.

வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூட்டு மருத்துவமனையில் பெரிய டாக்டர் அம்மா ஒரு சோதனை நடத்தி வந்தார். ரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கக் கொடுக்கிற மாத்திரை, முடக்குவாதத்தில் வீங்கிச் சிவந்து போகிற மூட்டுகளையும் கொஞ்சம் அடக்குமா என்று பார்க்கிற சோதனை. நோயாளிகள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்தோடு, பாதிப் பேருக்கு இந்த மாத்திரை. மீதிப் பாதிக்கு அதே நிறம், அதே அளவில் ஒன்றுமே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ரகசியப் பட்டியல் மருந்தாளர் அம்மாவின் பீரோவில் மட்டும் இருந்தது.

திங்கள், செவ்வாய், வியாழன் என்று மூன்று அணிகள், அணிக்குப் பன்னிரண்டு பேர். ஆறு மாதம் கழித்து ரத்தத்தைப் பார்த்தார்கள். திங்களிலும் வியாழனிலும் பாதிப் பேருக்குக் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது, பாதிப் பேருக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. செவ்வாய் அணியில் மட்டும் பன்னிரண்டு பேருக்குமே, பேசி வைத்த மாதிரி, கொஞ்சம் கொஞ்சம் இறங்கியிருந்தது. யாரோ மாத்திரைகளைக் கலந்திருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

மூன்றே நாளில் கண்டுபிடித்தேன். செவ்வாய் அணியின் பாட்டில் மூடிகள் எல்லாவற்றிலும் குறடு கடித்த தடம். திரும்பி வந்த ஒரு பாட்டிலில், பஞ்சுக்கு அடியில் வெள்ளைப் பொத்தான். மருந்தாளர் அம்மாவின் கோட்டில் ஒரு பொத்தான் குறைவு. ஆக, நோயாளிகள்மேல் இரக்கப்பட்டு அவரே பாட்டில்களைத் திறந்து மாற்றிப் போட்டிருக்கிறார். குறடு மட்டும் கிடைக்கவில்லை. ஒளித்து வைத்திருப்பார் என்று எழுதிவிட்டேன். அந்தப் பொத்தான் என் கைக்கு எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போது சொல்ல வாய் வரவில்லை.

போன வாரம் கமிட்டி முன்னால் என் அறிக்கையை நானே எழுந்து நின்று வாசித்தேன். அதில் ஒரு வரி: 'கோட்டிலிருந்து காணாமல் போன பொத்தான், குற்றத்தின்மேல் போய்த் தைத்துக்கொண்டது.' ஐந்து உறுப்பினர்களும் சிரித்தார்கள். மருந்தாளர் அம்மா அதே அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்த வரியை முதல் நாள் கண்ணாடி முன்னால் நாலு தரம் சொல்லிப் பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்று நாலு மணிக்கு அதே கமிட்டி மறுபடி கூடுகிறது. பதினாறு வருஷம் பார்த்த வேலையிலிருந்து அவரை நீக்கிவிட்டு, உரிமத்தையும் ரத்து செய்யச் சொல்லி எழுதப் போகிறார்கள். அதற்குப் பிறகு எந்த மருந்துக்கடையிலும் அவரால் நிற்க முடியாது.

"வேற மாதிரி பட்டன் ஒண்ணை மாத்தித் தைச்சிருக்கலாம்ல," என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

"தைச்ச பட்டன்னா நூல் உரசின தடம் இருக்கணும். லென்ஸை வெச்சுப் பாருங்க. ஓட்டை ரெண்டும் புத்தம் புதுசு. இது இதுவரைக்கும் ஒரு சட்டையையும் பார்த்ததில்ல மாமா. என்னை மாதிரியே, இன்னும் எங்கயும் வாக்கப்படாத பட்டன்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அறை மூலையில் மூன்று சாக்குப் பைகள் கிடந்தன. மூன்று அணிகளும் திருப்பிக் கொடுத்த காலிப் பாட்டில்கள். செவ்வாய்ப் பை மட்டும்தான் பிரிந்திருந்தது. மற்ற இரண்டின் வாயில் கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது. மச்சினன் அதைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான்.

"அதுல தப்பு எதுவும் நடக்கலையே," என்றேன்.

"தப்பு நடக்காத இடத்துல மூடி எப்படி இருக்கும்னு பார்க்க வேணாமா?"

கயிற்றை அறுத்துத் தரையில் கொட்டினோம். பார்த்ததும் எனக்குக் காது சூடானது. ஒரு மூடியில் பல் கடித்த தடம். ஒன்று கதவிடுக்கில் வைத்து நசுக்கியது. ஒன்றில் கத்திக் கீறல். ஒன்றைச் சுத்தியலால் உடைத்தே திறந்திருந்தார்கள். காயம் படாத மூடி என்று ஒன்று கூட இல்லை.

மச்சினன் ஒரு மூடியை அழுத்தித் திருப்பினான். முதல் தடவை வரவில்லை, இரண்டாவது தடவை வந்தது.

"குழந்தைங்க திறக்கக் கூடாதுன்னு செஞ்ச மூடி இது. இதைப் போய் விரல் மடங்காதவங்க கையில குடுத்திருக்காங்க."

இரண்டு வாரமாக இந்த மூடிகளோடுதான் குடித்தனம் நடத்தினேன். வலிக்கிற கை இதை எப்படித் திறக்கும் என்று ஒரு தடவை கூட யோசிக்கவில்லை. திறக்க முடியாமல் தவித்தவர்களின் தடத்தைத் திருட்டுத் தடம் என்று எழுதியிருந்தேன்.

"ஆனா செவ்வாய்க்கிழமை மூடி மட்டும் எல்லாம் ஒரே மாதிரி," என்றான் அவன். "வரிசையா பல், நடுவுல ஒரு பல் இல்ல. பன்னெண்டு பேரும் ஒரே குறடுகிட்டதான் போயிருக்காங்க."

நோயாளிகள் பட்டியலை எடுத்தேன். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், பேக்கரிக்காரர், பள்ளிக்கூட குமாஸ்தா என்று ஒவ்வொருவர் தொழிலும் எழுதியிருந்தது. புதுப் பொத்தானும் குறடும் ஒரே இடத்தில் இருக்கக் கூடிய தொழில் ஏழாவது வரியில் இருந்தது. தையல்.

*

கடை மூன்று படி ஏறினால் வந்துவிடும் ஒற்றை அறை. ஜன்னலோரம் மிஷின், சுவரெல்லாம் பாதி தைத்த சட்டைகள், அலமாரி மேல் கழுவிக் கவிழ்த்த ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. தையல் அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். இரண்டு கையிலும் விரல் கணுக்கள் புடைத்திருந்தன. கத்தரிக்கோலின் வளையத்தில் துணி சுற்றி, உள்ளங்கையால் அழுத்தி வெட்டிக்கொண்டிருந்தார்.

யார் என்று நாங்கள் சொல்லவில்லை. காரை நிறுத்தும்போதே மச்சினன் ஒரு யோசனை சொல்லியிருந்தான். நானும் சரி என்று தலையாட்டியிருந்தேன்.

"அக்கா, சட்டைக்கு ஒரு பட்டன் வேணும்," என்று ஆரம்பித்தவன், பையிலிருந்து மருந்துப் பாட்டிலை எடுத்துத் திருகுகிற மாதிரி முக்கினான். "மாத்திரை போடுற நேரம் வந்துடுச்சு. இந்தக் கருமம் திறந்து தொலைய மாட்டேங்குது."

அவர் ஒரு நொடி கூடத் தயங்கவில்லை.

"குடுங்க தம்பி. இதோட மல்லுக்கு நின்னா விரல்தான் போகும்."

மிஷின் இழுப்பறையைத் திறந்து, டிச் பட்டன் அடிக்கிற குறட்டை எடுத்தார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து, மூடியைக் கவ்வி அமுக்கித் திருப்பினார். சட்டென்று திறந்தது. மாத்திரைக்குத் தண்ணீரும் எடுத்து வைத்தார்.

மூடியில் வரிசையாகப் பல் தடம், நடுவில் ஒரு பல் இல்லை.

உதவி செய்தவரைக் கையும் களவுமாகப் பிடித்த பெருமை அன்றைக்கு எனக்குக் கிடைத்தது. தரையைப் பார்த்தபடி என் அடையாள அட்டையை நீட்டினேன். மச்சினன் தண்ணீர் டம்ளரைத் தொடாமல் நின்றான்.

அட்டையைப் படித்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மறைக்க முயலவே இல்லை.

"முதல்ல மூடி திறக்கத்தான் வந்தாங்க சார். ஆஸ்பத்திரியிலேருந்து எல்லாரும் ஒரே வேன்லதான் திரும்புவோம், என் கடை வழியில இருக்கு. வீட்டுல ஆள் இல்லாதவங்க, தினம் மருமகளைக் கூப்பிடக் கூச்சப்படறவங்க, எல்லாருக்கும் நான்தான் திறந்து லேசா மூடிக் குடுப்பேன். ஒரு நாள் பஸ் டிரைவர் அண்ணன் கேட்டாரு, இதுல ஆறு பேருக்கு நிஜம், ஆறு பேருக்கு சும்மா, யாரு அந்த ஆறு பேருன்னு. எல்லாரும் எல்லார் மூஞ்சியையும் பார்த்தோம். அதுக்கப்புறம் ஒருத்தருக்கும் மாத்திரை தொண்டையில இறங்கல."

"அதனால?"

அலமாரி மேலிருந்த ஜாடியைக் காட்டினார்.

"அது பட்டன் ஜாடி. பட்டனையெல்லாம் கொட்டிட்டுக் கழுவினேன். மாசாமாசம் பன்னெண்டு பாட்டிலையும் அதுல கொட்டிக் குலுக்கி, ஆளுக்கு இவ்வளவுன்னு எண்ணித் திரும்பப் போட்டுக்குவோம். எல்லாருக்கும் கொஞ்சம் நிஜம், கொஞ்சம் சும்மா. ஒருத்தரும் ஏமாறல."

"எண்ணிப் போட்டது யாரு அக்கா?" என்றான் மச்சினன்.

"பேக்கரிக்காரர்."

"பஞ்சுக்கடியில ஒரு பட்டனையும் சேர்த்து எண்ணிட்டாரு."

"அவருக்குக் கண்ணும் சரியில்ல தம்பி." அவர் லேசாகச் சிரிக்கப் பார்த்தார். "பங்கு போட்டதுல எங்களுக்கு ஒரே பெருமை சார். ஊர்ல கூடப் பிறந்தவங்களே இப்படிப் பங்கு போட மாட்டாங்கன்னு குமாஸ்தா சொன்னாரு."

இனிப் பேச வேண்டியவன் நான். இந்தப் பன்னிரண்டு பேர் கணக்கையும் தூக்கிப் போட வேண்டியதுதான் என்று சொன்னேன். அவர் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"போன மாசம் டாக்டரம்மா தொட்டுப் பார்த்துட்டு, வீக்கம் குறைஞ்சிருக்குன்னு எழுதினாங்க. அப்போ அது?"

"மாத்திரையாலயா, வேற எதனாலயான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாதும்மா."

அவர் கைகளை மடியில் இறக்கினார். "நாளைக்கு இந்த வியாதி வர்றவங்களுக்கு ஒரு பதில் கிடைச்சிருக்கும்," என்றார் கடைசியில். "அதை நாங்க பங்கு போட்டுத் தின்னுட்டோம்."

அப்புறம் ஏதோ நினைவு வந்தவராக நிமிர்ந்தார். "மருந்து ரூம் அம்மாகிட்ட நான் பேசறேன் சார், அவங்க பெரிய டாக்டர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்வாங்க. ரெண்டு வாரமா லீவுன்னாங்களே, உடம்பு சரியாயிடுச்சா?"

அவர்களுக்குத் தெரியவே தெரியாது. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அறிக்கை, கமிட்டி, நாலு மணி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பண்ணினது நாங்க. தலை குனிஞ்சது அவங்களா," என்றார்.

"எழுதினது நான்மா," என்றேன்.

அவர் எழுந்து அட்டைப்பெட்டியைத் திறந்து பொத்தான்களைக் கிளறினார். "அவங்க கோட்டுல எந்த பட்டன் போச்சு?"

"மூணாவது."

நாலு துளைப் பொத்தான் ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, போனில் வேன் டிரைவரைக் கூப்பிட்டார்.

*

மூன்றே முக்காலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கமிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் மருந்தாளர் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். ஒப்படைத்துவிட்டுப் போவதற்காகக் கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தார். அதன்மேல் மருந்து அறைச் சாவி.

தாழ்வாரத்தில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். பஸ் டிரைவர் கைத்தடியோடு, பேக்கரிக்காரர் குமாஸ்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, இப்படிப் பன்னிரண்டு பேர். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்கிற பிள்ளைகள் மாதிரி எல்லோரும் கீழே பார்த்தார்கள்.

தையல் அக்கா பெஞ்சுக்கு முன்னால் போய் நின்று, ஜாடி விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். மருந்தாளர் அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்தக் கோட்டைக் குடுங்கம்மா," என்றார் தையல் அக்கா. மச்சினனிடம் ஊசியை நீட்டினார். "நூல் மட்டும் கோத்துக் குடுங்க தம்பி."

அவன் கோத்துக் கொடுத்தான். ஒரு கேலி கூடப் பேசவில்லை. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார். கட்டை விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் ஊசி நிற்காமல் நழுவியது. நழுவ நழுவ எடுத்தார்.

"விரல் வலிக்கலையா?" என்றார் மருந்தாளர் அம்மா.

"வலிக்குதும்மா. வலிக்கட்டும்."

நான் போய் எதிரில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"சார், அந்த பட்டனை உங்க கையில குடுத்தது யாரு?"

மச்சினன் திரும்பிப் பார்த்தான். "மாமாதான் பாட்டில்லேருந்து எடுத்தாரு. அறிக்கையில 'நான் கண்டெடுத்தேன்'னு இருக்கு. நான்தான் டைப் அடிச்சேன்."

பிறகு சொல்கிறேன் என்று சொன்னேனே, அது இதுதான். விசாரணையின் முதல் நாளே மருந்தாளர் அம்மா அந்தப் பொத்தானைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். 'திரும்பி வந்த பாட்டில்ல இது இருந்துச்சு சார், நோயாளிங்க வீட்டுப் பக்கம் என்னமோ நடக்குது, விசாரிங்க' என்றார். சரியான வழியை அவரே காட்டினார். நான் அவர் கோட்டைப் பார்த்தேன், எப்போதோ உதிர்ந்துபோன ஒரு பொத்தான் குறைந்திருந்தது, மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"நானேதான் எடுத்துட்டு வந்து குடுத்தேன்," என்றார் அவர். "குத்தம் பண்ணினவ அப்படிக் குடுப்பாளான்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

பொய் சொல்ல இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது.

"தோணுச்சும்மா. ஆனா அதுக்குள்ள அந்த வரி மனசுல வந்துடுச்சு. நல்லா இருந்துச்சு. விட மனசு வரல."

மச்சினன் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். பத்து வருஷத்தில் அவன் என்னை எவ்வளவோ கிண்டல் பண்ணியிருக்கிறான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டது அன்றைக்குத்தான்.

தையல் அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மருந்தாளர் அம்மா கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"போன வாரம் எழுந்து நின்னு வாசிச்சீங்கல்ல," என்றார் என்னிடம். "இன்னிக்கும் அதே மாதிரி வாசிங்க. எது எது தப்புன்னு சொல்லிச் சொல்லி வாசிங்க. அந்த வரியையும் விடாம."

கதவு திறந்தது. அதே ஐந்து பேர், அதே மேசை. நடுவில் பெரிய டாக்டர் அம்மா, முன்னால் நீக்க உத்தரவு. நோயாளிகள் உள்ளே வந்து பின் சுவரோரம் நின்றார்கள்.

எழுந்து நின்று ஒவ்வொரு பத்தியாக வாசித்தேன். மூடியில் இருந்தது திருட்டுத் தடம் இல்லை, வலியின் தடம் என்றேன். பொத்தானைக் கண்டெடுத்தது நான் இல்லை, அவர் என்றேன். மற்ற இரண்டு பைகளை இன்று காலைவரை பிரிக்கவே இல்லை என்றேன். ஜாடிக் கதையைச் சொன்னபோது பெரிய டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினார். நீக்க உத்தரவைத் தன் பக்கம் இழுத்து, அதன் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

கடைசியில் அந்த வரி வந்தது.

"கோட்டிலிருந்து காணாமல் போன பொத்தான்..." மீதியை முணுமுணுத்து முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

மருந்தாளர் அம்மா மூன்றாவது பொத்தானை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தார்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேட்கல சார். இன்னொரு தரம்."

அறிக்கையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அந்த வரியை மறுபடியும் உரக்க வாசித்தேன்.